அடுத்த பக்கத்துக்கு ஒரு சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "செயற்கை நுண்ணறிவு பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். "அதைப் பேச நிறையப் பேர் இருக்காங்க சார். எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன விஷயம் பேசறேனே" என்றேன். "எவ்வளவு சின்னது?" என்று கேட்டார். "ஒரு வரி சார்." கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு பெருந்தன்மையாகச் சம்மதித்தார்.

அந்த ஒரு வரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கரண்ட் பில் கட்டுகிறீர்கள், அல்லது ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள். பட்டனை அழுத்தியதும் பக்கம் மாறுகிறது. புதுப் பக்கத்தின் உச்சியில் ஒரு பச்சைப் பட்டை, அதில் "உங்கள் கட்டணம் பெறப்பட்டது, நன்றி" என்று ஒரு வரி. அதே பக்கத்தை மறுபடி திறந்தால் அந்த வரி இருக்காது. எங்கள் தொழிலில் இதற்கு 'ஃபிளாஷ் மெசேஜ்' என்று பெயர். ஒரு பக்கத்தில் நடந்ததை அடுத்த பக்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிற சேதி.

இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், 2011 வரை.

முதலில் சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் இரண்டு நிமிஷம் செல்போன் பார்த்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டாலும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

'சர்வர்' என்ற சொல் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் ஊரில் இருந்தது. ஓட்டலில் இலை போட்டு இட்லி வைப்பவர். அவருடைய ஞாபகசக்தி அபாரமானது. மூணாம் டேபிளுக்கு நெய் ரோஸ்ட், ஜன்னலோரத்துக்குச் சர்க்கரை இல்லாத காபி என்று எட்டுப் பேர் கணக்கைச் சீட்டு இல்லாமல் மனசிலேயே வைத்திருப்பார். வெப் சர்வர் இதற்கு நேர் எதிர். நீங்கள் தோசை கேட்டால் கொண்டுவந்து வைக்கும். திரும்பிப் போய்விட்டு வந்தால், "யார் சார் நீங்க?" என்று கேட்கும். சாம்பார் இன்னும் கொஞ்சம் என்றால், "எதுக்கு இன்னும் கொஞ்சம்?" என்று முழிக்கும்.

இது குறைபாடு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1989-இல் ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை யோசித்தபோது, ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஏடுகளையும் குறிப்புகளையும் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. கேட்டவருக்குக் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அவர் முன்னால் என்ன கேட்டார் என்று நினைவு வைத்துக்கொள்ளாததால் சர்வருக்குச் சுமை குறைவு. ஏட்டைக் கொடுக்கிற வரைக்கும் இந்த மறதி சௌகரியம். கடை வைத்துக் காசு வாங்க ஆரம்பித்ததும்தான் தொந்தரவு.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டூலி என்ற பொறியாளர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் குக்கி. கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் கொடுப்பார்களே, அதேதான். டோக்கன் உங்கள் கையில், செருப்பு அவர்கள் அலமாரியில். அந்த அலமாரிக்கு நாங்கள் வைத்த பெயர் செஷன். பிரவுசர் ஒவ்வொரு முறையும் டோக்கனை நீட்டும், சர்வர் அந்த எண்ணுள்ள அறையைத் திறந்து, "ஓ, நீங்களா?" என்று தெரிந்துகொள்ளும். செருப்பையே சின்னதாக மடித்து உங்கள் பாக்கெட்டில் வைத்து அனுப்புகிற வழியும் உண்டு. அதாவது சேதியையே குக்கிக்குள் எழுதிவிடுவது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சரி, சேதியை ஏன் அடுத்த பக்கத்துக்குக் கடத்த வேண்டும்? பட்டனை அழுத்திய அதே பதிலிலேயே "பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டால் என்ன?

சொல்லலாம். ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பக்கம் வந்ததும் சந்தேகத்துக்கு ஒரு தரம் ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள். அப்போது பிரவுசர் கடைசியாக அனுப்பிய விண்ணப்பத்தையே மறுபடி அனுப்பும். அனுப்பும் முன் "திரும்ப அனுப்பட்டுமா?" என்று கேட்கும்தான், ஆனால் அந்தக் கேள்வியை யார் படிக்கிறார்கள்? ஆமாம் என்று தட்டினால் இன்னொரு தடவை பணம் போய்விடும். அதனால் வேலை முடிந்ததும் சர்வர், "இங்கே நிற்காதே, அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று பிரவுசரைத் தள்ளிவிடும். ஹெச்.டி.டி.பி.யின் 1.1 பதிப்பு 1997 ஜனவரியில் வந்தபோது இதற்கென்றே 303 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். பெயரே 'வேறிடம் பார்' என்பதுதான். பிரவுசர் புதுப் பக்கத்தைச் சாதாரணமாகக் கேட்டு வாங்கும். இனிமேல் நூறு தரம் ரிஃப்ரெஷ் செய்தாலும் பணம் போகாது.

ஆனால் பக்கம் மாறிவிட்டதே! புதிதாகக் கேட்பது யார் என்றே மறதிக்கார சர்வருக்குத் தெரியாது. முன் பக்கத்தில் நடந்ததை இந்தப் பக்கத்துக்கு யார் வந்து சொல்வது? அந்த இடைவெளி ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். அதைக் கடக்கத்தான் இந்தச் சேதி.

2011-க்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு கல்வி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கி, கட்டணம் வசூலிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. கட்டணப் பகுதி என் பொறுப்பு. ஜாவாவில் ஸர்வ்லெட் எழுதினேன். வங்கியிலிருந்து பதில் வந்ததும் 'மெசேஜ்' என்ற ஒரு மாறியில் சேதியைப் போடுவேன். விண்ணப்பதாரரை அவருடைய பக்கத்துக்குத் தள்ளுவேன். அந்தப் பக்கம் மாறியைப் பார்க்கும், ஏதாவது இருந்தால் காட்டிவிட்டு அழித்துவிடும். அழகாக வேலை செய்தது. என் மேஜையில் பத்துத் தரம் பார்த்தேன், பத்துத் தரமும் சரி.

கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் இப்போது செல்போனிலிருந்து தலையைத் தூக்கியிருப்பீர்கள். ஆமாம். அந்த மாறியை ஸர்வ்லெட்டின் மேல்மட்டத்தில் அறிவித்திருந்தேன். ஸர்வ்லெட் ஆளுக்கு ஒன்று கிடையாது. ஒரே ஒரு பிரதிதான், ஊர் முழுக்க அதே பிரதிக்குத்தான் வருகிறது. எல்லார் செருப்புக்கும் நான் ஒரே ஓர் அறை வைத்து, டோக்கனே கொடுக்காமல் விட்டிருக்கிறேன். என் மேஜையில் நான் ஒருவன்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன், அதனால் எப்போதும் என் செருப்பே கிடைத்தது.

கடைசித் தேதி அன்று சாயங்காலம். நம்ம ஊரில் கடைசித் தேதி என்றால் அன்றைக்குத்தான் விண்ணப்பமே ஆரம்பம் என்று அர்த்தம். ஒரு தகப்பனார் மகளுக்காக பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பணம் கட்டுகிறார். அவருடைய வங்கி, பணம் எடுக்க முடியவில்லை என்று பதில் சொல்கிறது. என் நிரல் "கட்டணம் செலுத்த முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்று எழுதி அவரைத் தள்ளிவிடுகிறது. அவருடைய பிரவுசர் அடுத்த பக்கம் கேட்டு வருவதற்குள், வேறு ஊரில் இன்னொருவர் பணம் கட்டி முடிக்கிறார். என் நிரல் அதே மாறியில், முதல் சேதியின் மேலேயே "கட்டணம் பெறப்பட்டது" என்று எழுதுகிறது. இப்போது தகப்பனாரின் பக்கம் வந்து மாறியைப் பார்க்கிறது. பெறப்பட்டது, நன்றி. காட்டிவிட்டு, கடமை தவறாமல் அழித்தும் விடுகிறது. அடுத்த நொடி அந்த இன்னொருவரின் பக்கம் வந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் பக்கம், கீழே 'கட்டணம் செலுத்து' பட்டன். அவர் என்ன செய்வார்? மறுபடி கட்டினார்.

இரண்டு தரம் கட்டியவர் மறுநாளே போன் செய்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "வங்கியில் ஏதோ கோளாறு" என்று சொன்னோம். மன்னிக்க வேண்டும், உண்மையிலேயே அப்படித்தான் நம்பினோம். கட்டாமல் கட்டியதாக நினைத்துக்கொண்டவர் போன் செய்யவில்லை. ஏன் செய்வார்? அவருக்கு எல்லாம் சரியாக நடந்துவிட்டது.

ஹால் டிக்கெட் வராமல், தேர்வு முடிந்த பிறகு அவர் அந்த நிறுவனத்துக்கே நேரில் வந்தார். கையில் ஒரு பிரிண்ட் அவுட். சென்டர்காரர் புத்திசாலி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். மேலே எங்கள் பச்சைப் பட்டை. எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் என் டீம் லீடரும் போனோம். கணக்கில் பணம் வரவில்லை என்று அந்த அலுவலகம் சொல்கிறது. பெறப்பட்டது என்று காகிதம் சொல்கிறது. "உங்க கம்ப்யூட்டர்தானே சார் சொல்லிச்சு?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்றிரவு பதிவேட்டைக் குடைந்தோம். இரண்டு பேருடைய வரிகளும் ஒரே நொடியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. டீம் லீடர் ஒரு மெஷினிலும் நான் ஒரு மெஷினிலும் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அழுத்திப் பார்த்தோம். பதினோராவது தடவை அவருடைய சேதி என் திரையில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷத் தேர்வு போனது போனதுதான். அடுத்த வருஷம் கட்டணம் இல்லாமல் எழுத அனுமதித்தார்கள். ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? பதிவேட்டில் அகப்பட்டது இந்த ஒரு ஜோடி. பதிவேடு சில நாளைக்கு ஒரு முறை அழிந்துவிடும்படி அமைத்திருந்தோம். அதற்கு முந்திய நாட்களில் யார் யாருக்கு என்ன வரி தெரிந்தது என்பது எங்களுக்குத் தெரியவே போவதில்லை.

மறுநாள் மாறியைத் தூக்கிவிட்டு, சேதியைச் செஷனில் வைத்தேன். பத்து வரி மாற்றம்கூட இல்லை. ஆனால் டீம் லீடர் அதோடு விடவில்லை. "அந்தப் பக்கம் ஏன்யா சேதியை நம்பி நிக்குது? அந்த ஆளு பணம் கட்டினானா இல்லையான்னு டேட்டாபேஸ்ல இருக்கு இல்ல? அதைக் கேட்டுட்டு பட்டனைக் காட்டு" என்றார். என் உண்மையான தப்பு அங்கேதான் இருந்தது. மின்னி மறைகிற ஒரு வரியை நான் ரசீதாக்கி வைத்திருந்தேன். பட்டை வந்தாலும் வராவிட்டாலும், கட்டியவருக்கு 'கட்டணம்: செலுத்தப்பட்டது, இன்ன தேதி, இன்ன எண்' என்று பக்கத்திலேயே நிலையாக இருக்க வேண்டும். பட்டன் அங்கே இருக்கவே கூடாது. சேதியிலும் விண்ணப்ப எண் இருக்க வேண்டும். என் பச்சைப் பட்டையில் ஓர் எண் இருந்திருந்தால், "இது நம்ம நம்பர் இல்லையே" என்று அந்தத் தகப்பனாரே கண்டுபிடித்திருப்பார்.

இப்போது யாரும் இதைக் கையால் எழுதுவதில்லை. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ்தான் 'ஃபிளாஷ்' என்ற பெயரைப் பரப்பியது. 2010-இல் வந்த ஃபிளாஸ்க்கிலும் உண்டு. ஜாங்கோவும் அதே வருஷம் தன் 1.2 பதிப்பில் இதற்கென்று ஒரு தனிப் பகுதி சேர்த்தது. ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள் தம்பி. ரெயில்ஸில் அடுத்த வேண்டுகோள் முடிந்ததும் சேதி போய்விடும், யாரும் பார்த்தார்களா என்று கவலை கிடையாது. ஜாங்கோவிலும் ஃபிளாஸ்க்கிலும் யாராவது எடுத்துப் படிக்கும் வரை காத்திருக்கும். முதலாவதில் நடுவில் இன்னொரு ரீடைரக்ட் வந்தால் சேதி வழியிலேயே தீர்ந்துபோகும். இரண்டாவதில், சேதியைக் காட்ட மறந்த பக்கங்கள் இருந்தால், காலையில் போட்ட "நீக்கப்பட்டது" சாயங்காலம் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் வந்து நின்று ஆளைக் கலவரப்படுத்தும். ஒரே ஆள் இரண்டு டேபைத் திறந்து வைத்திருந்தால், இந்த டேபின் சேதியை அந்த டேப் எடுத்துக்கொள்வதும் உண்டு. செஷன் ஆளுக்கு ஒன்றுதானே, டேபுக்கு ஒன்று இல்லையே.

சேதியைக் குக்கிக்குள்ளேயே எழுதி அனுப்பும் வழியைப் பிறகு சொல்கிறேன் என்றேன். அதில் தமிழுக்கென்று ஒரு தனித் தொந்தரவு இருக்கிறது. ஒரு குக்கிக்கு ஏறக்குறைய 4096 பைட்டுதான் இடம். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'கட்டணம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆக 21 பைட். குக்கியில் வெறும் ஆங்கில எழுத்துதான் போகலாம் என்பதால் அதைச் சதவீதக் குறியிட்டு எழுதினால் 63 ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'ஃபீஸ்' என்றால் நாலு. ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு, பிறகு மொழிபெயர்ப்பைச் சேர்க்கிறார்கள். நீளமான தமிழ்ச் சேதி வந்தால் பிரவுசர் சத்தம் போடாமல் குக்கியைத் தள்ளிவிடும். தமிழில் படிப்பவருக்கு மட்டும் சேதி வராது. சோதித்தவருக்கு வரும்.

இன்னொரு குறுக்கு வழி, சேதியை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்புவது. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்" என்று வாலில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது உங்கள் நிஜமான தளத்திலேயே, உங்கள் பச்சைப் பட்டையிலேயே தெரியும். திருடனுக்கு நாமே லெட்டர்ஹெட் அச்சடித்துக் கொடுத்த மாதிரி. வாலில் ஒரு சின்னக் குறிச்சொல் போகலாம், வாக்கியம் போகக்கூடாது.

கடைசியாக ஒன்று. 2020 பிப்ரவரியில் குரோம் 80-ஆம் பதிப்பிலிருந்து ஒரு புது விதியைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஃபார்ம் அனுப்பப்பட்டால், தனியாக அனுமதி குறிக்காத குக்கி கூடப் போகாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பணம் கட்டும் தளங்கள் பல, முடிவை அப்படி ஒரு ஃபார்மாகத்தான் நம் தளத்துக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது டோக்கன் இல்லாமல் வருகிறார். சர்வர் அவருக்குப் புது டோக்கன் கொடுத்து, சேதியைப் புது அறையில் வைத்து, பழையதை மறந்துவிடுகிறது. பணம் போய்விட்டது, ஆள் லாகவுட்! இதில் இன்னொரு வேடிக்கை. புத்தம் புதுக் குக்கிக்கு மட்டும் இரண்டு நிமிஷம் சலுகை கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஆபீசில் லாகின் செய்து மடமடவென்று சோதித்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வீட்டில் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தேடி, ஓ.டி.பி.யை எழுதிவைத்துப் பார்த்துத் தட்டினால் இரண்டு நிமிஷம் தாண்டிவிடும். அவருக்கு மட்டும் உடையும்.

அதை எப்படிச் சரிசெய்தோம் என்றால், வங்கியின் பதிலை வாங்கும் பக்கம் செஷனைத் தொடவே தொடாது. கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணை வைத்து டேட்டாபேஸில் எழுதிவிட்டு, 303 போட்டு அனுப்பிவிடும். அடுத்துப் போகிற பக்கம் சாதாரணமாகக் கேட்கப்படுவதால் பழைய டோக்கன் வந்துவிடும். அந்தப் பக்கம் டேட்டாபேஸைப் பார்த்து நிலையைச் சொல்லும். 2011-இல் எனக்குக் கிடைத்த திட்டு 2020-இல் பயன்பட்டது.

சேதி எவ்வளவு நேரம் தெரிய வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மூலையில் எட்டிப் பார்த்துவிட்டு மூன்று நொடியில் ஓடிவிடுகிற பட்டை இப்போது ஃபேஷன். மூன்று நொடி யாருடைய கணக்கு? எழுதியவருக்கு என்ன வரும் என்று முன்பே தெரியும், அவருக்கு அது போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் போதாது. பார்வை இல்லாதவருக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பட்டையில் 'இது நிலைச் செய்தி' என்று குறித்திருக்க வேண்டும். 2018-இல் வந்த வெப் அணுகல் நெறிகளின் 2.1 பதிப்பில் இது எழுதியே இருக்கிறது. ஒரு சின்னப் பண்புக்கூறு, அவ்வளவுதான். டிசைன்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பணம் சம்பந்தப்பட்ட சேதியை நான் தானாக மறைய விடுவதில்லை. படித்தவரே மூடட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ப்ராஜெக்டில் நிச்சயம் ஒரு ஃபார்ம் இருக்கும், ஒரு பச்சைப் பட்டை இருக்கும். இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பழைய லேபில்தான் இருப்பேன். அந்த மூலை மெஷின் இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ப்ராஜெக்டைக் கொண்டு வாருங்கள், ஆனால் தனியாக வராதீர்கள், ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு மெஷினில் உட்கார்ந்து, வேறு வேறு பெயரில் லாகின் செய்து, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி அழுத்திப் பார்ப்போம். பத்துத் தரம் சரியாக வந்தாலும் எழுந்துவிட வேண்டாம். டீ என் செலவு.